ஒன்றே முக்கால் ரூபாய் பேனா

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்த குடியிருப்பாளர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பதினைந்து நிமிடம் பேசுங்கள், தலைப்பு உங்கள் விருப்பம் என்றார் செயலாளர். தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் இந்த மூன்றை மட்டும் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பேனாவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

போன மாதம் பழைய பேப்பர்காரர் வரும் நாளில் என் பேத்தியின் மேஜையைச் சுத்தம் செய்தோம். இழுப்பறைக்குள் முப்பத்தேழு பேனா இருந்தது. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு எதையும் எண்ணாமல் வைக்க வராது. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்தேன். பதினொன்று எழுதியது. மீதியில் பாதி, மூடியைத் திறந்து போட்டதால் முனை காய்ந்து போனவை. "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க தாத்தா" என்றாள். எனக்குக் கை வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்கும் திட்டு வாங்கியாகிவிட்டது.

உங்களில் எத்தனை பேர் மைப் பேனாவைப் பல்லால் கடித்துத் திறந்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். நல்லது, அப்படியென்றால் நான் விளக்கவேண்டிய வேலை குறைவு. உதடு நீலமாகி, சட்டைப் பையில் ஒரு வட்டம் விழுந்து, அம்மாவிடம் அடி வாங்கிய கூட்டம்தான் நாம்.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை சிலேட்டும் பென்சிலும்தான். ஆறாம் வகுப்பில்தான் பேனா. பால் பாயிண்ட் பேனா அப்போதே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைத் தொட்டால் கையெழுத்து கெட்டுவிடும் என்று வாத்தியார் தடை போட்டிருந்தார். பேனாவின் கழுத்தைத் திருகித் திறந்து, ரப்பர் தலை வைத்த கண்ணாடி ஃபில்லரால் மையை உறிஞ்சி, உடம்புக்குள் நேராக ஊற்றவேண்டும். மை பாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்காது. பெட்டிக்கடையில் ஐந்து பைசா கொடுத்தால் ஒரு பேனா நிறைய ஊற்றிக் கொடுப்பார். கடைக்காரர் தாராளமா, கஞ்சமா என்பதை அவர் ஃபில்லரை எவ்வளவு தூரம் அமுக்குகிறார் என்பதிலேயே கண்டுபிடித்துவிடுவோம். வகுப்பில் மை தீர்ந்துவிட்டால் கடன். பக்கத்துப் பையன் பெஞ்சு மேல் நாலு சொட்டு உதறுவான். அதை நிப்பால் தொட்டுத் தொட்டு எழுதவேண்டும். நாளைக்கு நாலு சொட்டு திருப்பிக் கொடுத்தாகவேண்டும். வட்டி கிடையாது. வங்கியில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். அப்படி ஒரு கடன் திட்டத்தை அங்கே பார்க்கவில்லை.

மை தீரப் போகும் நேரத்தில்தான் பேனா கக்கும், கவனித்திருப்பீர்கள். நிறைய மை இருக்கும்போது சமர்த்தாக எழுதும், அடியில் கொஞ்சம் இருக்கும்போது பொட்டென்று ஒரு சொட்டு பரீட்சைத் தாளில் விழும். அதற்குப் பேனாவைத் திட்டினோம். விஷயம் வேறு. மை குறையக் குறைய உள்ளே காற்று அதிகமாகிறது. நம் கைச்சூட்டில் அந்தக் காற்று விரிகிறது. விரிந்த காற்று மையை வெளியே தள்ளுகிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டையில் கோடு கோடாகப் பள்ளம் இருக்குமே, அது காற்றை உள்ளே விட்டு மையை அளவாக வெளியே விடுவதற்குத்தான். மலிவுப் பேனாவில் அந்தப் பள்ளம் ஒழுங்காக இருக்காது. பரீட்சைக்குப் போகும் முன் பேனாவை நிரப்பிக்கொண்டு போ என்று பெரியவர்கள் சொன்னது மை பற்றாமல் போகும் என்பதற்காக மட்டும் இல்லை என்று இப்போது புரிகிறது.

நிப்பு உடைந்தால் நிப்பு மட்டும் வாங்கலாம். கட்டை போனால் கட்டை மட்டும். மூடி தொலைந்தால், வேறு நிற மூடி ஒன்றைக் கடைக்காரர் டப்பாவிலிருந்து தேடி எடுத்து மாட்டிக் கொடுப்பார். பச்சைப் பேனாவுக்குச் சிவப்பு மூடி போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர். புது நிப்பு கீறும். சிமெண்டுத் தரையில் எட்டு எட்டாகப் போட்டுத் தேய்ப்போம். அடைத்துக்கொண்டால் பாதி பிளேடை நடுக்கோட்டில் விட்டு எடுப்போம், அப்புறம் வெந்நீர். இப்படி ஒரு மாதம் எழுதினால் நிப்பு நம் கைச் சாய்வுக்குத் தேய்ந்து பழகிவிடும். அதனால்தான் யாருக்கும் பேனாவை இரவல் தரமாட்டோம். தந்தாலும், திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதிப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் தன் பேனா எது என்று எல்லாருக்கும் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பெரிய இடத்துப் பேனாக்களும் இருந்தன. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பாராட்டி 1935-இல் காந்தி கடிதம் எழுதினார் என்று அப்பா சொல்லுவார். சென்னைக்கு வந்த பிறகு பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் சட்டைப் பையில் ஷாங்காய் ஹீரோ பேனா மின்னும். தங்க நிற மூடி, மையை உறிஞ்ச உள்ளேயே ஒரு குழாய். திருவள்ளூரில் எபோனைட் பேனாவை இன்றும் கையால் கடைந்து செய்கிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்தான், கையில் வழுக்காது. அதற்கெல்லாம் இப்போது வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வருகிறதாம். இருக்கட்டும். நம் கதை பெட்டிக்கடைப் பேனா.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரில் பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? ராயல் ப்ளூ வாங்கினால் சட்டையில் பட்டது துவைத்தால் போகும். தண்ணீர் பட்டால் நோட்டில் எழுதியதும் போகும். மழைக்காலத்தில் என் புவியியல் நோட்டு முழுவதும் ஒருமுறை கடலாகிவிட்டது. ப்ளூ பிளாக் மை அப்படி இல்லை. பழைய முறையில் செய்த ப்ளூ பிளாக்கில் இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளைக் கவ்விக்கொள்ளும். நம் தாத்தாக்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் ஊறவைத்து மை காய்ச்சினார்களே, அதே சமாச்சாரம்தான். கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு. பழைய பத்திரங்களில் எழுத்து இன்றைக்கும் நிற்கிறது என்றால் அந்தக் கூட்டணியால்தான்.

வங்கியில் நான் சேர்ந்த 1981-இல் லெட்ஜர் எல்லாம் கையால்தான். பேனாவை அங்கேதான் பால் பாயிண்ட் தோற்கடித்ததைக் கண்ணால் பார்த்தேன். பால் பாயிண்ட் நன்றாக எழுதியதால் என்று நினைக்காதீர்கள். கார்பன் தாளால். ஒரு டிராஃப்டுக்கு அடியில் இரண்டு பிரதி எடுக்கவேண்டும் என்றால் அழுத்தி எழுதவேண்டும். நிப்பை அழுத்தினால் கால் இரண்டும் விரிந்து போகும். குண்டு முனைக்கு அந்தக் கவலை இல்லை. அப்படித்தான் மை பாட்டில் ஒவ்வொன்றாக மேஜையை விட்டு இறங்கியது. பிறகு வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் 045 வந்தது. சென்னையிலேயே தயாரான பேனா. உடம்பில் 'ஃபைன் கார்பூர்' என்று அச்சிட்டிருக்கும். கார்பூர் என்றால் பிரெஞ்சில் கார்பைடு, முனையில் உருளும் குண்டு அந்தக் கெட்டிப் பொருளால் ஆனது. பத்து வருடம் கையில் வைத்துக்கொண்டு, அது கம்பெனிக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காசோலையில் கறுப்பு மையால் எழுதக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதாக நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் அனுப்பினீர்கள். அது பொய்ச் செய்தி. கறுப்பிலும் எழுதலாம், நீலத்திலும் எழுதலாம். அழிக்க முடியாத மையாக இருந்தால் போதும்.

இவ்வளவு சொல்லியாகிவிட்டது. "அந்தக் காலத்தில் பேனா எவ்வளவு மலிவு, ஒன்றே முக்கால் ரூபாய்க்கு ஒரு பேனா" என்று சொல்லி நானும் முடித்திருப்பேன். வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டப்பாவில் இருபத்தாறு செத்த பேனாவைப் போட்ட அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1971-இல் எங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி கிட்டத்தட்ட அந்த ஒன்றே முக்கால் ரூபாய்தான். காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்க நட்டால் ஒரு பேனா. இன்றைக்கு என் பேத்தி வாங்கும் பத்து ரூபாய்ப் பேனாவை இன்றைய கூலியோடு வைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பேனா மலிவாக இல்லை. என்னைப் போல மாதச் சம்பள வீட்டுப் பையனுக்கு மலிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் தூக்கத்தைக் கெடுத்தது என்று சொல்கிறேன். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், ஏழாம் வகுப்பு. என் பேனா மெரூன் நிறம், பெயர்கூட இல்லாத பேனா. ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடில் பையைத் திறந்தால் காணோம். அழுதுகொண்டே வாத்தியாரிடம் சொன்னேன். அவர் எல்லார் பையையும் கொட்டச் சொன்னார். என் பெஞ்சிலேயே உட்காருகிறவன் ஒருவன், அவன் பெயர் இங்கே வேண்டாம். அவன் பையில் மெரூன் நிறப் பேனா இருந்தது. அதுவரை பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தவன். "எங்கம்மா வாங்கிக் குடுத்தது சார், நேத்து சாயங்காலம்" என்றான். வாத்தியார் கேட்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு பிரம்படி. பேனாவை என்னிடம் கொடுத்து, "உக்காந்து எழுதுடா" என்றார்.

எழுதினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. என் நிப்பு மேல்நோக்கி இழுக்கும்போது லேசாகக் கீறும். இது புது நிப்பு, வேறு மாதிரி கீறியது. பேனா என்னுடையது இல்லை. நான் எழுந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், என் பேனா தொலைந்தது என்று வீட்டில் சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். கையில் ஒரு பேனா இருந்தால் கேள்வி வராது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவன் அம்மா வந்தார்கள். நடவுக்குப் போகும் வழியில் வந்திருப்பார்கள், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தது. வகுப்புக்குள் வரவில்லை. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, "நான்தான் சாமி வாங்கினேன், கடைக்காரரக் கேட்டுப் பாருங்க" என்றார்கள். வாத்தியார், "சரி சரி, போ, பாடம் நடக்குது" என்றார். கடைக்காரரை யாரும் கேட்கவில்லை. கடை பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரேதான் இருந்தது.

புதன்கிழமை ராத்திரி அப்பா நெல் மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, "இந்தாடா ஒன் பேனா. என்னதுல மை இல்லேன்னு திங்கக்கெழம எடுத்துட்டுப் போனேன், மறந்தே போச்சு" என்று நீட்டினார். இப்போது என்னிடம் இரண்டு மெரூன் பேனா.

வியாழக்கிழமை டிரில் பீரியடில் எல்லாரும் வெளியே போனதும், அவன் பேனாவை அவன் பையில் போட்டுவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அவன் திரும்பி வந்து பையைத் திறந்தான். பார்த்தான். பயந்துபோய் அதை எடுத்துக்கொண்டு நேராக வாத்தியாரிடம் போனான். "சார், இது எம் பையில கெடந்துச்சு, நான் எடுக்கல சார்." வாத்தியார் என்னைப் பார்த்து, "இது ஒன்னுதுதானே?" என்றார். என் பேனா அந்த நேரம் என் டிராயர் பையில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவனுக்கு மறுபடியும் அடி விழுந்தது. முதல் நாள் அடித்ததைவிட அதிகம், இரண்டாவது முறை திருடியதற்காக.

வருடக் கடைசி வரை அவன் வேறு பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினான். எட்டாம் வகுப்புக்கு வரவில்லை.

1990-இல் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். கவுண்டரில் நூல் கட்டிய பேனா, வழக்கம்போல் எழுதவில்லை. ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் பேனா" என்றார். என் பேனாவைக் கொடுத்தேன். பெயரைக் கையெழுத்தாகப் போட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடி, அப்புறம் மூடியை மறுபடி ஒரு தடவை அழுத்திப் பார்த்து, என் பக்கம் வைத்தார். "சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார்" என்றார். எல்லாரிடமும் அவர் அப்படித்தான் சொல்வாரா, எனக்காகச் சொன்னாரா, இன்றுவரை புரியவில்லை.

அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்தவருக்கு டோக்கன் கூப்பிட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து நகையை மீட்க வந்தார். அப்போது வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அப்பா எடுத்துப் போனது, நான் பையில் போட்டது, தலையை ஆட்டியது, எல்லாம். கிளாசைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பையில போட்டது நீன்னு அப்பவே தெரியும்" என்றார். "எம் பேனா கிளிப்புல ஒரு சின்ன வளைவு இருக்கும். கடைக்காரர் அதுக்குத்தான் கால் ரூபா கொறச்சாரு. நான் எடுத்துட்டுப் போனது வாத்தியார் கேட்டா நீ சொல்லிடுவேன்னுதான்."

எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவர் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "எனக்கெதுக்கு அது? எம் பொண்ணு நீல மூடிப் பேனாதான் வேணுங்குது." என் சட்டைப் பையில் இருந்த 045-ஐ நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நான் வாங்கிக் குடுத்துக்கறேன்" என்றார். "எங்கம்மாகிட்ட மட்டும் ஒரு தடவ வந்து சொல்லிடு. நம்ம பேச்ச அன்னிக்கு யாரும் கேக்கலேன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கு."

போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அவர்களுக்குக் காது மந்தமாகியிருந்தது. சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. தெருவே கேட்டது. கேட்டுவிட்டு, "அந்தக் கடைக்காரரும் போய்ச் சேந்துட்டாரே தம்பி" என்றார்கள். மோர் கொடுத்தார்கள்.

அந்தப் பேனா இதோ. வளைந்த கிளிப்பு தெரிகிறதா பாருங்கள். நேற்று வெந்நீரில் போட்டுக் கழுவினேன், நிப்பு இன்னும் எழுதுகிறது.

இனி விண்ணப்பம். நம் வளாகத்தில் துப்புரவு வேலை, வீட்டு வேலை, காவல் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பதினான்கு பேர் சாயங்காலம் இந்தக் கூடத்தில்தான் படிக்கிறார்கள். சங்க அலுவலக வாசலில் ஒரு டப்பா வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். உங்கள் வீட்டு இழுப்பறைகளில் இருக்கும் பேனாவை அதில் போடுங்கள். எழுதாததையும் போடலாம், ரீஃபில் அளவு பார்த்து மாற்றிக்கொள்கிறேன். அப்புறம் ஒரு சின்ன ஏற்பாடு. எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அன்றைக்கே அந்தப் பேனாவின் நிறமும் பெயரும் எழுதி, தேதி போட்டு, ஒரு சீட்டு கொடுக்கப்படும். நான் கையெழுத்துப் போடுவேன். எதற்கு இவ்வளவு என்று நேற்றுக் கமிட்டியில் ஒருவர் கேட்டார். அவருக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

மைப் பேனா வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள். அடைப்பு எடுத்துத் தருகிறேன். மை பாட்டிலும் ஃபில்லரும் என்னிடம் இருக்கிறது. பழைய துணி மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள். இந்தக் கூடத்தின் தரை வெள்ளை டைல்ஸ் என்பதைச் செயலாளர் மூன்று முறை ஞாபகப்படுத்தியிருக்கிறார்.